நரைக்கு டையா, மருதாணியா, பாதி மறைப்பா, அப்படியே விடுவதா?

நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் "இனி டை அடிப்பதா, விட்டுவிடுவதா?" என்று வீட்டில் வாய்விட்டுக் கேட்டுப் பார்க்கட்டும். எழுபதைக் கடந்த அம்மா, "அதற்குள் என்ன அவசரம்? இன்னும் பத்து வருடம் அடிக்கலாம்" என்பார். இருபதுகளில் இருக்கும் மகள், "அப்படியே விடுங்கள் அம்மா, உங்களுக்கு நன்றாகத்தான் இருக்கும்" என்பாள். தொண்ணூறைத் தொட்ட பாட்டி இருந்தால், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல் பார்ப்பார். மூவரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அவரவர் காலத்துக்கான பதிலைச் சொல்கிறார்கள். கேட்டவளின் தலையைப் பார்த்துச் சொன்னவர் ஒருவரும் இல்லை.

அந்தத் தலையைப் பார்த்து எழுத முயல்கிறேன். நடைமுறையில் இருக்கும் வழிகள் நான்கு: நிரந்தரச் சாயம், மருதாணியும் அவுரியும் (நீலச்சாயம் தரும் செடி), நரையை முழுக்க மறைக்காமல் கலந்துவிடுவது, எதுவும் செய்யாமல் விடுவது. டை அடிப்பவள் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறாள் என்று பேசுபவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. நரையோடு வெளியே வருவது அலட்சியம் என்பவர்களிடம் அதைவிடக் கிடையாது. எவ்வளவு நரைத்திருக்கிறது, அது எந்த இடத்தில் இருக்கிறது, உச்சந்தலைத் தோல் எதைத் தாங்கும், எத்தனை வாரத்துக்கு ஒருமுறை இதற்காக உட்கார மனம் வரும் என்பவற்றை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். மற்றவர்களின் பார்வை ஐந்தாவதாக வரட்டும். வராமல் இருக்காது.

முதலில் தலை

முடிக்கு நிறம் தருவது மெலனின். வேர்க்காலில் உள்ள நிறமிச் செல்கள் அதை உற்பத்தி செய்து, வளரும் முடிக்குள் ஏற்றிவிடுகின்றன. அந்தச் செல்களைப் புதுப்பிக்கும் மூலச் செல்கள் தீர்ந்துபோனாலோ வேலைசெய்யாமல் நின்றுபோனாலோ, அதன்பின் முளைக்கும் முடி நிறமில்லாமல் வரும். நாம் சாம்பல் நிறம் என்று பார்ப்பது பெரும்பாலும் வெள்ளை முடியும் கறுப்பு முடியும் கலந்து நிற்பதைத்தான். மூன்றாவது வழியின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது.

எப்போது நரைக்கும் என்பதைப் பெரும்பாலும் பரம்பரை முடிவுசெய்கிறது. நரையோடு தொடர்புடைய ஐஆர்எஃப்4 என்ற மரபணுவை 2016-இல் அடையாளம் கண்டார்கள். கவலையால் நரைக்கும் என்ற பேச்சிலும் உண்மை இல்லாமல் இல்லை. கடும் அழுத்தத்தில் நரம்புகள் வெளியிடும் நோர்எபிநெஃப்ரின் என்ற வேதிப்பொருள் நிறமி மூலச் செல்களைத் தீர்த்துவிடுகிறது என்று எலிகளில் நடந்த ஆய்வு ஒன்று 2020-இல் காட்டியது. அழுத்தம் விலகியபின் சில மனித முடிகளுக்கு நிறம் திரும்பியதை 2021-இல் வேறொரு குழு பதிவுசெய்தது. இதைப் படித்துவிட்டு யாரும் விடுமுறைக்குப் போய்த் தலையைக் கறுப்பாக்கிக்கொள்ளத் திட்டமிட வேண்டாம். திரும்பியது அங்கொன்றும் இங்கொன்றுமான இழைகளுக்குத்தான். ஒரு நரையைப் பிடுங்கினால் இரண்டு முளைக்கும் என்பது கட்டுக்கதை. ஆனால் பிடுங்கிக்கொண்டே இருந்தால் வேர்க்கால் பழுதாகி அந்த இடத்தில் முடியே வராமல் போகலாம்.

"ஐம்பது வயதில் பாதிப் பேருக்குப் பாதித் தலை நரைத்திருக்கும்" என்று ஒரு கணக்கு வெகுகாலம் சொல்லப்பட்டு வந்தது. பல நாடுகளில் 4,000-க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்து 2012-இல் வெளியான ஆய்வு அதை உடைத்தது. ஐம்பது வயதில் பாதிக்கு மேல் நரைத்தவர்கள், இனத்தையும் இயல்பான முடி நிறத்தையும் பொறுத்து, 6 முதல் 23 சதவீதம்தான். 45-க்கும் 65-க்கும் இடைப்பட்ட வயதினரில் 74 சதவீதத்தினருக்கு நரை இருந்தாலும், அதன் சராசரி அளவு தலையில் 27 சதவீதம். ஐம்பதில் கால்பங்கு நரைத்தவள் முந்திக்கொண்டவளும் இல்லை, பிந்தியவளும் இல்லை என்று இதைப் படிக்கலாம்.

அந்தக் கால்பங்கு சீராகப் பரவி வருவதில்லை என்பதுதான் தொல்லை. பலருக்குக் காதோரமும் நெற்றியோரமும் முந்திக்கொள்ளும். பின்தலை பல ஆண்டுகள் கறுப்பாகவே இருக்கும். கண்ணாடியில் தினமும் பார்ப்பது அந்த முன்வரிசையை மட்டும்தான். அதனால் தன் தலை முழுக்க வெளுத்துவிட்டது என்றே பெண் நம்புகிறாள். முடிவெடுக்கும் முன் இரண்டாவது கண்ணாடி ஒன்றைப் பிடித்துப் பின்தலையைப் பாருங்கள், அல்லது யாரையாவது படம் எடுக்கச் சொல்லுங்கள். நான்கு வழிகளில் ஒன்றிரண்டு அப்போதே கழன்றுவிடும்.

மூன்று தலைமுறை, மூன்று கட்டாயம்

மலிவான, நம்பகமான சாயம் கைக்கு எட்டாத காலத்தில் வாழ்ந்த பெண்களுக்கு நரை என்பது தீர்மானிக்க வேண்டிய விஷயமாகவே இல்லை. அவர்கள் வயதை நிம்மதியாக ஏற்றுக்கொண்டார்கள் என்று இன்று பாராட்டுகிறோம். எனக்கு அந்தப் பாராட்டில் முழு உடன்பாடு இல்லை. வேறு வழி இல்லாதபோது ஏற்றுக்கொள்வதும் வழி இருந்தும் ஏற்றுக்கொள்வதும் ஒன்றாகிவிடாது. கிடைத்திருந்தால் பூசியிருப்பவர்கள் அவர்களிலும் இருந்திருப்பார்கள்.

பாரிஸில் யூஜின் ஷுவெலர் என்ற இளம் வேதியியலர் 1907-இல் செயற்கைத் தலைச்சாயம் ஒன்றை உருவாக்கினார். 1909-இல் அவர் தொடங்கிய நிறுவனம்தான் பின்னாளில் லோரியால் ஆனது. அதற்கு அவர் முதலில் வைத்த பெயரின் பொருள் "தீங்கற்ற தலைச்சாயங்களுக்கான பிரெஞ்சு நிறுவனம்". தீங்கற்றது என்று பெயரிலேயே சொல்லிக்கொள்ள வேண்டிய அளவுக்கு அன்றைய சாயங்கள் மீது பெண்களுக்குப் பயம் இருந்திருக்கிறது.

வீட்டிலேயே ஒரே கட்டத்தில் பூசிக்கொள்ளும் சாயத்தை 1956-இல் அமெரிக்காவில் கிளேரால் நிறுவனம் கொண்டுவந்தது. ஷெர்லி பாலிகாஃப் எழுதிய அதன் விளம்பரம், "பூசியிருக்கிறாளா, இல்லையா?" என்று கேட்டு, அவளுடைய சிகையலங்காரக்காரருக்கு மட்டுமே தெரியும் என்று தானே பதிலும் சொன்னது. விற்கப்பட்டது நிறத்தைவிட இரகசியம். எழுபதைத் தாண்டிய அம்மாக்கள் பலர் இன்றும் டை பாட்டிலை மருந்து அலமாரியின் பின்வரிசையில் ஒளித்துவைக்கும் பழக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் லோரியால் விளம்பரத்துக்காக ஐலன் ஸ்பெக்ட் எழுதிய வாசகம் பேச்சை மாற்றியது. "ஏனென்றால் நான் அதற்குத் தகுதியானவள்" என்று ஒரு பெண் தன் வாயால் சொன்னாள். மறைத்துச் செய்த காரியம் தனக்குத் தானே தந்துகொள்ளும் பரிசாகிவிட்டது. கடைசியில் பூச வேண்டியிருந்தது என்னவோ அதே சாயம்தான்.

அடுத்த தலைமுறையின் கதை விசித்திரமானது. 2015 வாக்கில், நரைக்காத இளம்பெண்கள் தலையை வெளுத்து வெள்ளி நிறம் ஏற்றிக்கொண்டார்கள். அம்மா மறைக்கச் செலவழித்ததை மகள் வரவழைக்கச் செலவழித்தாள். 2020-இன் ஊரடங்கில் அழகு நிலையங்கள் மூடிக்கிடந்தபோது, தங்கள் சொந்த நிறத்தைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு முதல்முறையாகப் பார்த்த பெண்கள் ஏராளம். அதில் ஒரு பகுதியினர் திரும்பவே இல்லை. 2021-இல் கான் திரைப்பட விழாவின் சிவப்புக் கம்பளத்தில் நடிகை ஆண்டி மெக்டவல் நரைத்த சுருள்முடியோடு நடந்தது செய்தியானது. ஓர் ஆண் நடிகர் அப்படி நடந்திருந்தால் செய்தியாகியிருக்காது என்பதையும் சேர்த்தே அந்தச் செய்தியைப் படிக்க வேண்டும்.

கனடாவின் மூத்த செய்தி வாசிப்பாளர் லிசா லஃப்ளாம், ஊரடங்குக் காலத்தில் சாயத்தை விட்டு நரையோடே திரையில் தோன்றினார். 2022-இல் அவருடைய ஒப்பந்தம் முடித்துவைக்கப்பட்டபோது நரையும் ஒரு காரணமோ என்ற கேள்வி நாடு முழுக்க எழுந்தது. அது வணிக முடிவு என்று நிறுவனம் சொன்னது. உண்மை எதுவாயினும், அந்தச் சந்தேகம் உடனே எல்லோருக்கும் நம்பும்படியாகத் தோன்றியது என்பதிலேயே நிறைய இருக்கிறது. அதே காலத்தில் முழு வெள்ளி முடியோடு கிறிஸ்டீன் லகார்ட் ஐரோப்பிய மத்திய வங்கியை நடத்திக்கொண்டிருந்தார். உச்சிக்குப் போய்விட்டவளின் நரை கம்பீரம், பாதி வழியில் நிற்பவளின் நரை கவலைக்கிடம் என்ற கணக்கு எழுதப்படாமலே அமலில் இருக்கிறது.

பாட்டிக்கு வழி இல்லை. அம்மாவுக்கு மறைத்தாக வேண்டியிருந்தது. இப்போது மகளின் தலைமுறை மூன்றாவது கட்டாயம் ஒன்றைக் கொண்டுவருகிறது: தைரியமாக இரு, நரையைக் காட்டு, இல்லையென்றால் நீ உன்னையே வெறுக்கிறாய். முப்பத்தைந்து வயதுக்காரி தன் நண்பரின் தாயிடம் "ஆன்ட்டி, நீங்கள் இன்னுமா டை அடிக்கிறீர்கள்?" என்று கேட்கும் தொனியையும், அந்தத் தாயின் அத்தை அந்தக் காலத்தில் "ஏனம்மா இப்படி விட்டுவிட்டாய்?" என்று கேட்ட தொனியையும் அருகருகே வைத்தால் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

நிரந்தரச் சாயம்

மறைப்பதில் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. அமோனியா அல்லது அதற்கு மாற்றான காரப்பொருள் முடியின் மேற்செதில்களைத் திறக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளே போய் இருக்கும் நிறத்தை வெளுக்கிறது, கூடவே போன சிறிய மூலக்கூறுகளைச் சேர்த்துப் பெரிய நிறத்துகளாக்குகிறது. பெரிதாகிவிட்டதால் அவை கழுவினாலும் வெளியே வருவதில்லை. முழு வெள்ளை முடியையும் பிடிக்கிறது, அரை மணி நேரத்தில் வேலை முடிகிறது.

வேலை முடிகிறது என்பது ஒரு பேச்சுக்குத்தான். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர், சில சமயம் சற்று அதிகம் வளர்கிறது. கறுப்புக்குக் கீழே வெள்ளை என்பதால் மூன்றாவது வாரமே வகிட்டில் கோடு தெரிந்துவிடும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்குப் பதின்மூன்று முறை. நாற்பதில் தொடங்கி அறுபத்தைந்தில் நிறுத்துபவள் முன்னூறு முறைக்கு மேல் உட்கார்ந்திருப்பாள். பணத்தை ஒதுக்கிவையுங்கள், அத்தனை மதியங்களை எண்ணிப் பாருங்கள். அதைச் சலிப்பில்லாமல் செய்பவர்களும் உண்டு.

என் அம்மாவுக்கு நான்தான் அடித்துவிடுகிறேன். பழைய துண்டைத் தோளில் போட்டு, நெற்றியோரமும் காதோரமும் வாஸ்லின் தடவி, வால்சீப்பால் வகிடு வகிடாகப் பிரித்து, பிரஷால் வேரில் மட்டும் வைத்துக்கொண்டு வருவேன். காது மடலில் பட்டால் உடனே துடைக்காவிட்டால் இரண்டு நாளுக்குப் போகாது. "கழுத்துக்கு மேலே விட்டுவிடாதே. முன்னால் இருப்பவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள், பின்னால் இருப்பவர்களுக்கு வேறு என்ன வேலை?" என்பது அம்மாவின் நிரந்தர அறிவுரை. தன் வயதைப் பற்றி அம்மா எங்களிடம் மனம்விட்டுப் பேசுவது அந்த அரை மணி நேரத்தில்தான். இதை எந்த ஒப்பீட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில் பலரும் இருபது வயதின் கறுப்பையே தேடுகிறார்கள். வயதாக ஆக முகத்தோலின் நிறமும் மாறுகிறது. அட்டைக் கறுப்பு அதன் பக்கத்தில் தொப்பிபோல் நிற்கிறது, கண்ணுக்குக் கீழே உள்ள நிழலையும் எடுத்துக்காட்டுகிறது. பழைய நிறத்தைவிட ஒன்றிரண்டு படி இளசான அடர்பழுப்பு முகத்தோடு பொருந்தும், வேர்க்கோடும் சற்றுத் தாமதமாகத் தெரியும்.

இனி ஒவ்வாமை. அடர்நிறச் சாயங்கள் பெரும்பாலானவற்றில் பாரா-பினைலீன்டையமின், சுருக்கமாக பிபிடி, இருக்கிறது. சிலருக்கு இது கடுமையாக ஒவ்வாது: அரிப்பு, நெற்றியிலும் காதிலும் நீர்க்கசிவு, இமை வீங்கிக் கண் மூடிப்போவது வரை போகும். இருபது ஆண்டு ஒன்றும் செய்யாத சாயம் இருபத்தோராவது ஆண்டில் இதைச் செய்யலாம். ஒருமுறை உடல் அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால் அநேகமாக வாழ்நாள் முழுக்க அப்படித்தான். பூசுவதற்கு 48 மணி நேரம் முன்பு காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ சிறிது தடவிப் பார்க்கச் சொல்லி எல்லா உறையிலும் அச்சிட்டிருக்கிறார்கள். யாரும் செய்வதில்லை. "அமோனியா இல்லை" என்று முன்பக்கத்தில் பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்து பிபிடியும் இருக்காது என்று நம்புவது மிகப் பரவலான தவறு. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. பின்பக்கத்தைத்தான் படிக்க வேண்டும்.

புற்றுநோய் பற்றிய பயத்துக்கு நேரான பதில் இருக்கிறது, ஆனால் ஒரே வரியில் இல்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, தொழிலாகச் சாயத்தில் புழங்கும் சிகையலங்காரப் பணியை "அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது" என்ற வகையில் வைத்திருக்கிறது. சொந்தமாகப் பூசிக்கொள்வதைப் பற்றி முடிவுசெய்யப் போதிய சான்று இல்லை என்றது. 117,200 அமெரிக்கச் செவிலியரை 36 ஆண்டு தொடர்ந்து 2020-இல் வெளியான ஆய்வில், நிரந்தரச் சாயத்தால் பெரும்பாலான புற்றுநோய்களின் அபாயம் கூடவில்லை. ஒருவகைத் தோல் புற்றுநோய், சிலவகை மார்பகப் புற்றுநோய்கள், சினைப்பைப் புற்றுநோய் ஆகியவற்றில் மட்டும் சிறிய தொடர்பு தெரிந்தது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களின் சகோதரிகளைத் தொடர்ந்த வேறோர் ஆய்வு, நிரந்தரச் சாயம் பயன்படுத்தியவர்களிடம் 9 சதவீதம் கூடுதல் அபாயத்தையும், கறுப்பினப் பெண்களிடம் 45 சதவீதத்தையும் கண்டது. தற்காலிகச் சாயங்களில் அப்படி எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. இதற்காக இரவோடு இரவாகப் பாட்டிலைத் தூக்கியெறியத் தேவையில்லை. குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய் இருந்தால் மருத்துவரிடம் பேசுவதும், பூசும் இடைவெளியைக் கூட்டுவதும், முழு முடிக்கும் மறுபடி மறுபடி இழுக்காமல் வேரோடு நிறுத்துவதும் நியாயமான எச்சரிக்கை.

மருதாணியும் அவுரியும்

மருதாணி இலையில் உள்ள லாசோன் என்ற நிறப்பொருள் முடியில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அது தருவது ஒரே நிறம், செம்மஞ்சள். கறுப்பு முடியில் வெயில் பட்டால் மட்டும் லேசாகச் சிவப்பு தெரியும்; வெள்ளை முடியில் அப்பட்டமாகத் தெரியும். இதனால் தலையில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து நரைத்தவளுக்கு மருதாணி அழகாகப் பொருந்துகிறது, அங்கங்கே செம்புக் கம்பி ஓடியதுபோல் இருக்கும். பாதிக்கு மேல் நரைத்துவிட்டால் தலையே செம்பட்டையாகிவிடும். சிலர் அதை விரும்பியே வைத்திருக்கிறார்கள். விரும்பாமல் மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

கறுப்பு வேண்டுமென்றால் மருதாணியை அலசியபின் அவுரிப்பொடி பூச வேண்டும். வெறும் அவுரியை வெள்ளை முடியில் வைத்தால் ஒழுங்காகப் பிடிக்காது, நீலமோ பச்சையோ அடிக்கும். இரண்டு கட்டமும் சேர்ந்து ஒரு நாளில் பாதியைத் தின்றுவிடும். அவுரிக் கறுப்பு முழுதாக எழ ஒன்றிரண்டு நாள் ஆகும். அதுவரை ஷாம்பூ போடக் கூடாது. நாளைக்கு விசேஷம் என்று இன்று உட்காருபவளுக்கு ஏற்ற வழி இது இல்லை. முடி வறண்டுபோகிறது என்ற புகாரும் உண்மைதான்.

இயற்கை என்பதால் ஆபத்தில்லை என்று சொல்லும்போது இரண்டு இடங்களில் நிறுத்திக்கொள்ள வேண்டும். "கறுப்பு மருதாணி" என்று ஒன்று செடியில் கிடையாது. அந்தப் பெயரில் வருவதில் பலவேளை பிபிடிதான் கலந்திருக்கிறது. ஒவ்வாமைக்குப் பயந்து சாயத்தை விட்டவள் இதைப் பூசினால் அதே வீக்கத்துக்குத்தான் போய்ச் சேருவாள். ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சுத்தமான மருதாணியே இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடும், குழந்தைகளுக்குக் குறிப்பாக.

அவுரியில் பின்னால் தெரியவரும் சிக்கல் ஒன்றும் உண்டு. பிறகு மனம் மாறி வெளுக்கப் போனால் பச்சை தட்டும். உலோக உப்பு கலந்த பொடிகளைப் பூசியிருந்தால் பெராக்சைடு பட்டதும் முடி சூடேறிப் பொசுங்கவும் செய்யும். மருதாணிக்குப் போகிறவள் நீண்ட நாள் அங்கேயே இருக்கப்போகிறாள் என்று வைத்துக்கொண்டு போவது நல்லது.

பாதி மறைப்பு

நான் அதிகம் பரிந்துரைப்பது இதைத்தான், ஆனால் கேட்பவர்கள் குறைவு. நரையை இல்லாமலாக்காமல் அதன் விளிம்பைக் கலைப்பது இதன் நோக்கம். சுமார் இருபது இருபத்தைந்து தலைக்குளியலில் மெதுவாக வெளிறிப்போகும் அரைநிரந்தரச் சாயம் ஒரு முறை. அது வெள்ளையை முழுக்க மூடாது, இளம்பழுப்பாக்கிவிடும். வெளிறிக்கொண்டே வருவதால் வகிட்டில் கோடு விழாது. இவற்றிலும் பிபிடி இருக்கலாம், உறையைப் படிக்கும் வேலை இங்கேயும் உண்டு. கறுப்பு முடியில் மெல்லிய இழைகளாகச் சிலவற்றை மட்டும் வெளுத்து, வெள்ளையும் கறுப்பும் ஒன்றோடொன்று கலக்கும்படி செய்வது இன்னொரு முறை. நரை மிகுந்த தலையில் இதைத் தலைகீழாகச் செய்து, சில இழைகளை அடர்த்தியாக்குவார்கள். சாம்பல் என்று கண் பார்ப்பதே கலவையைத்தான் என்றேனே, அந்தக் கலவையைக் கைவேலையாகச் செய்கிறார்கள்.

நான்கு வாரக் கெடு இரண்டு, மூன்று மாதமாக நீள்கிறது. குறை என்னவென்றால் வீட்டில் செய்துகொள்ள முடியாது, கைதேர்ந்தவர் வேண்டும், ஒருமுறைச் செலவு அதிகம். அடர்கறுப்பு முடியை வெளுத்தால் ஆரஞ்சு தட்டும், அதைத் தணிக்க நீலச்சாயல் ஷாம்பூ தேவைப்படும். வெளுப்பு எல்லா முடிக்கும் ஒத்துவராது. மெலிந்து உடையும் முடி உள்ளவர்கள் இந்தப் பக்கம் வராமலிருப்பது மேல்.

அப்படியே விடுவது

செலவில்லாத வழி, கடைசியில். ஆனால் தொடக்கத்தில் பொறுமை அதிகம் கேட்பது இதுதான். ஆண்டுக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் என்று கணக்கிட்டால், தோள்வரை முடி உள்ளவளுக்குச் சாயம் முழுக்க வெட்டுப்பட்டு வெளியேற ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு ஆகும். இடுப்புவரை என்றால் கணக்கே வேறு. அந்தக் காலம் முழுக்க மேலே வெள்ளை, கீழே கறுப்பு, நடுவே கோடு. நான்காம் மாதத்துக்கும் எட்டாம் மாதத்துக்கும் இடையில்தான் பெரும்பாலானோர் கைவிட்டு மறுபடி பூசுகிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். கட்டையாக வெட்டிக்கொள்ளத் துணிந்தவர்களுக்குச் சில மாதங்களில் முடிந்துவிடும். துணியாதவர்களுக்குப் பாதி மறைப்பு நல்ல பாலமாக இருக்கும். நேர்வகிட்டை விட்டு வளைந்த வகிடு எடுத்தாலே கோடு பாதி மறையும். இந்தச் சின்ன விஷயத்தை யாரும் சொல்லித்தருவதில்லை.

வந்து சேரும் முடியும் பழைய முடியாக இருக்காது. வயதோடு எண்ணெய்ச் சுரப்பு குறைவதால் பலருக்கு அது வறண்டு, முறுக்கிக்கொண்டு நிற்கும். வெயிலும் புகையும் கடினநீரில் உள்ள தாதுக்களும் வெள்ளையை மஞ்சளாக்கும். ஊதா ஷாம்பூ அதைத் தணிக்கும், அடிக்கடி போட்டால் ஊதாச் சாயல் தங்கிவிடக்கூடும். நரையை விட்டவள் முடியைக் கவனிக்க வேண்டியதில்லை என்பது கற்பனை. கொண்டை நேராக இருக்க வேண்டும், வெட்டு ஒழுங்காக இருக்க வேண்டும், இல்லையென்றால் பார்ப்பவர்கள் "விட்டுவிட்டாள்" என்பார்கள். நியாயமற்ற எதிர்பார்ப்பு, ஆனால் இருக்கிறது.

பேச்சுகளும் வரும். "உடம்புக்கு ஏதாவது சரியில்லையா?" என்பது முதலில் வருவது. கணவரின் தலையும் அதே அளவு வெளுத்திருக்கும், அவரை யாரும் உடம்பைப் பற்றிக் கேட்பதில்லை. வேலை தேடிக்கொண்டிருக்கும் ஐம்பது வயதுப் பெண்ணுக்கு இந்தப் பேச்சு வெறும் பேச்சோடு நிற்காது. நேர்காணலுக்கு முன் டை அடிப்பவளைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவள் தன் சம்பளத்தைக் காப்பாற்றிக்கொள்கிறாள்.

யாருக்கு எது

ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டதா? பேச்சே இல்லை, பிபிடி உள்ள எதையும் இனித் தொடக் கூடாது; சுத்தமான மருதாணி, அல்லது அப்படியே விடுவது. கால்பங்குக்குக் கீழே நரைத்திருக்கிறது, காதோரம்தான் முக்கியத் தொல்லை என்றால் நிரந்தரச் சாயத்தைத் தொடங்காதீர்கள். பத்து முடிக்காகப் பத்தாயிரம் முடியைப் பூசும் வேலை அது. மருதாணியோ வேரில் தடவும் தற்காலிகப் பூச்சோ போதும். பாதி நரைத்து, வேலைக்கும் போய்க்கொண்டு, மாதாமாதம் உட்கார அலுத்துப்போனவளுக்குப் பாதி மறைப்பு. முக்கால்வாசிக்கு மேல் வெளுத்துவிட்டவளுக்குக் கறுப்புச் சாயம்தான் மிகக் கடினமான பாதை. கோடு பத்தே நாளில் தெரியும். விடுவதற்கு அவளுக்குத்தான் மிகச் சுலபம். ஏற்கெனவே மேலே வந்திருக்கும் வெள்ளை ஒரே சீராக, வெள்ளியாக இருக்கும்.

தடுமாறுபவர்களுக்கு ஒன்று சொல்வேன். வெள்ளையிலிருந்து கறுப்புக்குப் போக ஒரு மதியம் போதும், கறுப்பிலிருந்து வெள்ளைக்கு வர ஒன்றரை ஆண்டு வேண்டும். எனவே இன்னும் சாயத்தைத் தொடங்காதவள் தள்ளிப்போடுவதால் எதையும் இழப்பதில்லை. தொடங்கிவிட்டவள் விட நினைத்தால், கடைசியாகப் பூசிய சாயத்தை அடுத்த முறை ஒரு படி இளசாக்கிப் பார்க்கட்டும், இடைவெளியை ஆறு வாரமாக்கட்டும். பிடிக்கவில்லையென்றால் திரும்பிக்கொள்ளலாம், யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

வீட்டுக்குள் ஒரு வேண்டுகோள். எழுபத்தைந்து வயது அம்மா டை கேட்டால் அதைத் திருத்தும் பொறுப்பை எடுத்துக்கொள்ளாதீர்கள். அரிப்பு இருக்கிறதா, முடி கொட்டுகிறதா என்று மட்டும் கேளுங்கள். கை நடுங்கினால் நீங்கள் அடித்துவிடுங்கள். மகளின் தலையில் இருபத்துமூன்று வயதில் நரை தெரிந்தால் அவளை ஒரு பக்கமும் தள்ளாதீர்கள். பி12 குறைபாடும் தைராய்டும் புகைப்பழக்கமும் இளநரையோடு தொடர்புடையவை என்பதால் முதலில் ஓர் இரத்தப் பரிசோதனை. அதில் ஒன்றும் இல்லையென்றால் நிறத்தை அவளே பார்த்துக்கொள்வாள், ஒருவேளை நீலம் அடித்துக்கொண்டு வருவாள்.